அடிக்காமல் ஒரு கத்தி

எங்கள் பக்கத்துக் கத்திகளில் எனக்குள்ள குறை ஒன்றுதான்: தடிப்பு. லொறி ஸ்பிரிங்கைக் காய்ச்சி அடித்துச் செய்த வெட்டுக்கத்தி விறகு தறிக்க, இளநீர் வெட்ட, வேலிக்குக் கம்பு வெட்ட அருமையான சாமான். அதையே சின்னதாக்கிக் குசினிக்கென்று விற்கும்போதுதான் சிக்கல். பூசணிக்காயில் வைத்து அழுத்தினால் வெட்டாது, பிளக்கும். மீன் துண்டு போடும்போது சதை நசிந்து முள்ளோடு ஒட்டிக் கிழியும். சரி என்று கடையில் தொங்கும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் கத்தியை வாங்கினால் முதல் கிழமை நன்றாக வெட்டும். பிறகு அதைச் சீமெந்துப் படியில் தேய்ப்பதே வேலையாகிவிடும். மெல்லிசாகவும் இருக்கவேண்டும், கூரும் நிற்கவேண்டும் என்றால் நாமே செய்து பார்ப்போமே என்று மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டுப் பின்பக்கம் தொடங்கிய வேலை இது.

என்னிடம் உலைக்களம் இல்லை, பட்டடை இல்லை, சம்மட்டி பிடித்துப் பழகிய கையும் இல்லை. இருப்பது நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர், பெஞ்சில் பூட்டிய வைஸ், ஒரு ட்ரில், சில அரங்கள். இவ்வளவு போதும் என்கிற முறைக்கு ஸ்டொக் ரிமூவல் என்று பெயர். தட்டையான உருக்குத் தகட்டில் கத்தியின் வடிவத்தை வரைந்து வெட்டி, வேண்டாததைத் தேய்த்து எடுத்துவிட்டு, கடைசியில் காய்ச்சித் தோய்ச்சல் கொடுப்பது, அதாவது சிவந்த சூட்டோடு எண்ணெயில் இறக்கி இறுகவைப்பது. அடிக்கிற பேச்சே இல்லை.

படுவான்கரையில் தெரிந்த கொல்லர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அடிபடாத இரும்புல என்ன கத்தி வரும் மனே?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமாக இருந்த காலம் ஒன்று உண்டு. பழைய மண் உலைகளில் எடுத்த இரும்பில் கசடு கலந்திருக்கும். மடித்து மடித்து அடித்துத்தான் அதை வெளியேற்றவேண்டும். இன்றைக்கு ஆலையில் உருக்கி, உருளைகளுக்கிடையில் நெரித்து வருகிற தகட்டுக்கு அந்த அடி முதலே விழுந்துவிட்டது. நாம் இன்னொரு தரம் அடிப்பதால் உருக்கின் தரம் கூடிவிடாது. அடிப்பதன் உண்மையான இலாபம் வேறு: இரும்பு வீணாகாது, தடித்ததை மெலிக்கலாம், வளைந்ததை நிமிர்த்தலாம். என் முறையில் தகட்டில் பாதி தூளாகத் தரைக்குப் போகும் என்றதும் அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். வீணாகிறது என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அதனால் தகடு தேடும்போதே தடிப்பைப் பார்க்கவேண்டும். ஸ்பிரிங் தகடு நல்ல உருக்குத்தான். அமெரிக்க இலக்கத்தில் 5160, ஜப்பான் இலக்கத்தில் எஸ்யூபி 9 என்று வருகிற வகையில் 0.6 வீதமளவில் கரியும் (கார்பன்), கொஞ்சம் குரோமியமும் இருக்கும். வேலைக்கத்திக்கு அது தாராளம். ஆனால் தகடு வளைந்திருக்கும், தடிப்பும் 6 மி.மீ., அதற்கு மேல் என்றுதான் பெரும்பாலும் அகப்படும். அதைக் கிரைண்டரால் 2.5 மி.மீ.க்கு இறக்கப் போனால் டிஸ்க் வாங்கியே காசு கரைந்துவிடும். கட்டடக் கம்பியில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் கரி போதாது, எப்படித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய அளவு இறுகாது. பழைய அரத்தில் கரி ஒரு வீதத்துக்கு மேல் இருக்கும், நன்றாக இறுகும். ஆனால் பல்லின் தடம் முழுக்கப் போகும்வரை தேய்க்காவிட்டால், தோய்க்கும்போது அந்தக் கீறலில் இருந்துதான் வெடிப்புத் தொடங்கும்.

எனக்குப் பொருந்தி வந்தது மரம் அரியும் மில்லில் கழித்துப் போட்ட பெரிய வட்டவாள். பல்லைத் தீட்டித் தீட்டி விட்டம் குறைந்ததும் மூலையில் சாத்திவிடுவார்கள். வேர்ணியரில் அளந்தால் 2.8 மி.மீ., எந்தப் பக்கம் அளந்தாலும் அதே. ஒன்றைக் கவனிக்கவேண்டும்: பல் நுனியில் கார்பைட் என்ற மிக இறுகிய துண்டு ஒட்டிய வாளை நம்பி எடுக்கக்கூடாது. வெட்டுகிற வேலை முழுவதும் அந்தத் துண்டினுடையது என்பதால் தகட்டுக்கு என்ன உருக்கைப் போட்டிருப்பார்களோ தெரியாது. பல்லும் தகடும் ஒரே உலோகமான பழைய வாள்தான் வேண்டும். மில்காரர் இரும்பு விலைக்கே தந்தார், "எங்கட வீட்டுக்கும் ஒண்டு செய்து தாங்க" என்ற நிபந்தனையோடு.

வாள் கழிக்கப்பட்டதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: பல்லடியில் வெடிப்பு. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புள்ள இடத்தில் கத்தியை வெட்டி எடுத்து, எல்லாவற்றையும் செய்து முடித்துத் தோய்க்கும்போது அது இரண்டாகிவிட்டால் அவ்வளவு உழைப்பும் போய்விடும். இதற்கு வெல்டிங்காரர்கள் செய்கிற பழைய சோதனை ஒன்று இருக்கிறது. தகட்டின் துருவைக் கம்பித் தூரிகையால் உரசி எடுத்துவிட்டு, மண்ணெண்ணெயைத் தாராளமாகப் பூசிக் கொஞ்ச நேரம் விட்டேன். பிறகு துணியால் ஈரம் போகத் துடைத்து, வெள்ளைச் சோக்கை நுணுக்கிப் பவுடராகத் தூவினேன். எங்கும் வெள்ளையாக இருந்த பரப்பில், இரண்டு பல்லடிகளில் இருந்து மட்டும் மயிரிழை அளவில் சாம்பல் நிறக் கோடு மெல்ல ஊறி வந்தது. வெடிப்புக்குள் ஒளிந்திருந்த எண்ணெயைச் சோக்கு உறிஞ்சியதால் வந்த கோடு அது. ஒரு கோட்டின் நீளம் சுண்டுவிரல் அளவு. அந்தப் பகுதிகளைப் பெயின்ட் மார்க்கரால் அடித்துவிட்டு, தகட்டின் நடுப்பக்கமாக வரைந்துகொண்டேன்.

உருக்கு என்ன வகை என்று எழுதி ஒட்டியிருக்காது. ஆகவே விரலளவு துண்டொன்றை வெட்டி, சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, வைஸில் கடித்துச் சம்மட்டியால் தட்டிப் பார்க்கவேண்டும். வளைந்தால் அந்தத் தகட்டை மறந்துவிடலாம். இது வளையாமல் பட்டென்று உடைந்தது. உடைந்த வாயையும் பார்க்கவேண்டும்: சீனியைக் கொட்டியதுபோல் மினுங்கினால் அளவுக்கு மிஞ்சிச் சூடேறியிருக்கிறது என்று பொருள். மங்கலான சாம்பல் நிறத்தில், உருக்கின் மணி (உள்ளிருக்கும் பளிங்குத் துணிக்கை) தெரியாமல் இருந்தால் சூடு சரி. கண்ணாடி போடாமல் இந்தச் சோதனையைச் செய்யவேண்டாம்; உடைகிற துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல ஏலாது.

வாள் தகடு அரத்துக்கு ஓரளவு இறுக்கம், ட்ரில் பிட்டுக்கு இன்னும் இறுக்கம். அதை இளக்கவேண்டும், அதாவது காய்ச்சி மிக மெதுவாக ஆறவிடவேண்டும். மெதுவாக என்றால் மணித்தியாலக் கணக்கில். மேலைநாட்டுக்காரர்கள் இதற்கு வெர்மிகுலைட் என்ற இலேசான கனிமத்தூள் வாங்கி வைத்திருப்பார்கள். எங்களுக்கென்ன குறை, நெல்லவிக்கிற மில்லில் உமிச்சாம்பல் மலையாகக் கிடக்கிறது. உமிச்சாம்பல் பெரும்பகுதி சிலிக்கா, உள்ளே முழுக்கக் காற்றுத் துளைகள். சூட்டை விடவே விடாது. உருக்காலைகளிலேயே உருகிய உருக்கு ஆறாமல் இருக்க மேலே உமிச்சாம்பலைத்தான் போடுகிறார்கள். ஒரு தகர வாளி நிறைய அள்ளிவந்து, ஈரம் போகச் சட்டியில் வறுத்தெடுத்தேன். தகடு மெல்லிசு என்பதால் தனியே புதைத்தால் விரைவில் ஆறிவிடும். ஆகவே ஒரு பழைய இரும்புக் கட்டியையும் சிவக்கக் காய்ச்சி முதலில் புதைத்து, அதற்குப் பக்கத்தில் தகட்டுத் துண்டுகளைச் செருகி மூடிவிட்டேன். மாலையில் புதைத்தது, விடியக் கையை விட்டுப் பார்த்தபோதும் இளஞ்சூடாக இருந்தது. அதன்பிறகு சாதாரண ட்ரில் பிட்டே தகட்டில் சுருள் சுருளாக இறங்கியது.

வடிவத்துக்கு எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. வீட்டில் மீன் வெட்டுகிறவர் மாமி. சப்பாத்துப் பெட்டி அட்டையில் கத்தி வரைந்து வெட்டி, பிடியின் இரு பக்கமும் பலகைத் துண்டு ஒட்டி அவர் கையில் கொடுத்தேன். பலகைக் கட்டையில் வைத்து வெட்டுவதுபோல் செய்து பார்த்துவிட்டு, "மகன், விரல் மொளி கட்டையில இடிக்குது" என்றார். அலகின் அகலத்தைக் கூட்டினேன். பிடியின் பின்பக்கம் சுண்டுவிரல் வழுக்காமல் கொஞ்சம் கீழே வளைத்தேன். மீன் எண்ணெய் பட்ட கைக்கு அந்த வளைவு முக்கியம். கடைசியில் நின்றது: அலகு 170 மி.மீ. நீளம், 35 மி.மீ. அகலம், பிடி 115 மி.மீ. காம்பு, அதாவது பிடிப் பலகைகளுக்கிடையில் வருகிற இரும்பு, பிடியின் முழு நீளத்துக்கும் போகும்.

வெட்டுவதற்கு 1 மி.மீ. கட்டிங் டிஸ்க். கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தைச் சாண்ட் பேப்பர் மடல்கள் ஒட்டிய பிளாப் டிஸ்க்கால் கோடுவரை கொண்டுவருவது. தகட்டை இரண்டு கிளாம்பால் இறுக்காமல் கிரைண்டரைத் தொடவேண்டாம். டிஸ்க்கில் அச்சிட்டுள்ள சுற்று வேகம் கிரைண்டரின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பெரிய டிஸ்க் போடுவதற்காகப் பாதுகாப்பு மூடியான கார்டைக் கழற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கால் கூசும். எங்கள் ஊருக்கு இன்னொரு விசயமும் இருக்கிறது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் எல்லாம் காய்ந்து கிடக்கும், பொறி கிடுகு வேலி வரைக்கும் பறக்கும். மணலில் தண்ணீர் தெளித்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று வெட்டினேன். பொறி படுகிற பக்கம் வெள்ளை டைலோ கண்ணாடியோ இருந்தால் மூடிவிடுங்கள். ஒட்டிய பொறி அடுத்த மழைக்குத் துருப்புள்ளியாகும், பிறகு வீட்டில் பேச்சு வாங்கவேண்டும்.

இனி சரிவு, அதாவது முதுகில் இருந்து வாய்வரை அலகை மெலிக்கிற வேலை. கத்தி கத்தியாவது இந்த இடத்தில்தான், நான் அதிகம் மினக்கெட்டதும் இதில்தான். முதலில் வாய்ப்பக்க (வெட்டுகிற பக்க) விளிம்பில் நடுக்கோடு போடவேண்டும். தகட்டின் தடிப்பளவே உள்ள ட்ரில் பிட்டைத் தட்டையான மேசையில் படுக்கவைத்து, தகட்டையும் படுக்கவைத்து, பிட்டின் கூரால் விளிம்பை இழுத்தால் கோடு சரி நடுவில் விழும். தகட்டைப் புரட்டி மறுபடியும் இழுத்தால், பிட்டுக்கும் தகட்டுக்கும் உள்ள சிறு வித்தியாசத்தால் இரண்டு கோடாகத் தெரியும். அதற்கிடையில்தான் வாய் வரவேண்டும்.

கிரைண்டரைக் கையில் பிடித்துச் சரிவை நேராகத் தேய்ப்பது எனக்கு நம்பிக்கையில்லாத வேலை. அதனால் முக்கால்வாசியையும் அரத்தால் செய்தேன். ஒரு பலகையின் முனையில் அலகைக் கிளாம்பால் இறுக்கி, மறுமுனையில் வளையமுள்ள போல்ட் ஒன்றை நிமிர்த்திப் பூட்டினேன். அரத்தின் பின்னால் ஒரு நீளக் கம்பியை இணைத்து அந்த வளையத்துக்குள் விட்டால், அரம் எத்தனை தரம் போய்வந்தாலும் ஒரே கோணத்தில்தான் தேய்க்கும். போல்ட்டை ஏற்றி இறக்கினால் கோணம் மாறும். அரத்தின் பல்லில் சோக்கு பூசிக்கொண்டால் இரும்புத்தூள் பல்லுக்குள் சிக்கி அலகைக் கீறாது. ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாறி மாறித் தேய்க்கவேண்டும். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் நடுக்கோடு விலகும்.

சரிவை முதுகுவரை ஏற்றினேன். தடிப்புக் கணக்கு இங்கேதான் வருகிறது. 2.8 மி.மீ. முதுகில் இருந்து 35 மி.மீ. கீழே வாய்க்கு இறங்கும்போது ஒரு பக்கச் சரிவு ஏறக்குறைய 2 பாகைதான். 5 மி.மீ. முதுகும் 30 மி.மீ. அகலமும் உள்ள சந்தைக் கத்தியில் இதுவே 5 பாகைக்குக் கிட்ட வரும். பூசணிக்காயைப் பிளப்பது அந்த வித்தியாசம்தான். வாயை எவ்வளவு தீட்டினாலும் வாய்க்குப் பின்னால் வருகிற உடம்பு தடித்திருந்தால் அது ஆப்பு வேலைதான் செய்யும். கத்தி என்றவுடன் எல்லோரும் என்ன உருக்கு, எவ்வளவு இறுக்கம் என்று கேட்கிறார்கள். வாய்க்கு மேலே ஐந்து மி.மீ. தள்ளி எவ்வளவு தடிப்பு என்று யாரும் கேட்டு நான் கண்டதில்லை.

ஆனால் தோய்ப்பதற்கு முன் வாயை முழுக்க மெலிக்கக் கூடாது. 0.6 மி.மீ. விட்டேன். அதற்குக் கீழே போனால் தோய்க்கும்போது வாய் அலையாக நெளியும், அல்லது வெடிக்கும். ஆணித் துளைகளையும் இப்போதே போட்டுவிடவேண்டும். இறுகிய பிறகு சாதாரண பிட் ஏறாது. காம்பும் அலகும் சேருகிற இடத்தில் கூரான உள்மூலை இருக்கக்கூடாது என்பதால் வட்ட அரத்தால் வளைத்துவிட்டேன்.

உலை என்று சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. மண்ணில் ஒரு பள்ளம், அடியில் துளையிட்ட இரும்புக் குழாய், குழாயின் முனையில் பழைய ஹேர் ட்ரையர், மேலே சிரட்டைக்கரி. சிரட்டைக்கரி நன்றாகச் சூடேறும், புகையும் குறைவு. பொழுது பட்டபிறகு தொடங்கினேன். வெயிலில் உருக்கின் நிறம் கண்ணுக்குப் பிடிபடாது. முதலில் மூன்று தரம் சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டேன், ஒவ்வொரு தரமும் முன்னையதைவிடக் கொஞ்சம் குறைந்த சூட்டில். வெட்டியதாலும் அரத்தாலும் உருக்குக்குள் ஏறிய உள்ளழுத்தம் போகும், மணியும் நுணுகும்.

கடைசிச் சூட்டுக்குக் காந்தமும் உப்பும் தேவை. இரும்பு 770 பாகை செல்சியஸில் காந்தத்தை விடும். கம்பியில் கட்டிய காந்தத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்தால் அந்த இடம் தெரியும். ஆனால் தோய்க்க அது போதாது, இன்னும் 50 பாகையளவு ஏறவேண்டும். கறியுப்பு உருகுவது 801 பாகையில். காந்தம் விட்டபிறகு அலகில் நாலைந்து உப்புத் துணிக்கைகளைத் தூவினேன். வெள்ளையாகவே கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டு, ஓரம் கரைந்து, சட்டென்று கண்ணாடித் துளியாகப் பரவியது. இன்னும் கொஞ்சம் பொறுத்து, அலகு முழுக்க ஒரே நிறமாக வரும்வரை கரிக்குள் முன்னும் பின்னும் இழுத்தேன். நுனி மெல்லிசு என்பதால் முந்திச் சிவக்கும். அதைக் கரிக்கு வெளியே நீட்டி நீட்டி ஆற்றிக்கொள்ளவேண்டும்.

தோய்ப்பதற்கு மரக்கறி எண்ணெய். பலர் கழிவு என்ஜின் எண்ணெயைச் சொல்வார்கள். அதன் புகையை மூச்சில் இழுக்க எனக்கு விருப்பமில்லை, மீன் வெட்டுகிற கத்தியில் அதைப் பூசவும் விருப்பமில்லை. தேங்காய் எண்ணெயும் வேலை செய்யும், ஆனால் விற்கிற விலைக்கு அதில் கத்தியைத் தோய்த்தேன் என்று மாமியிடம் சொல்ல ஏலாது. வடைக்கடையில் பொரித்துக் கழித்த பாம் எண்ணெயை வாங்கி வடித்து, ஈரம் முழுக்கப் போகக் காய்ச்சி எடுத்தேன். எண்ணெயின் அடியில் தண்ணீர் கிடந்தால் சூட்டுக் கத்தி பட்டவுடன் நீராவியாகி எண்ணெயை மேலே தூக்கி எறியும். பாத்திரம் அடியில் தகடு வெல்ட் பண்ணிய இரும்புக் குழாய். பக்கத்தில் மூடியும் ஒரு வாளி மணலும். எண்ணெயை 50, 60 பாகைக்குச் சூடாக்கிக்கொண்டால் குளிர்ந்த எண்ணெயைவிட நன்றாக இறுகும், ஏனென்றால் சூட்டில் எண்ணெய் இளகி அலகைச் சுற்றி விரைவாக ஓடும்.

கரியில் இருந்து எண்ணெய்க்குள் போக ஒரு மூச்சு நேரம்கூட எடுக்கக்கூடாது. நுனி முதலாக நேரே இறக்கி, மேலும் கீழுமாக மட்டும் அசைத்தேன். பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு பக்கம் முந்தி ஆறி அலகு வளையும். கொதிப்புச் சத்தம் அடங்கியதும் வெளியே எடுத்து, வைஸில் இரண்டு ஆங்கிள் இரும்புக்கு நடுவில் வைத்து இறுக்கினேன். அந்த நேரத்தில் உருக்கு முழுக்க இறுகியிராது. கொஞ்ச நேரத்துக்கு நிமிர்த்துகிறபடி நிமிரும், ஆறிவிட்டால் கண்ணாடி. முழுக்க ஆறியபின் புதிய அரத்தை வாயில் வைத்துத் தள்ளினால் கடிக்காமல் வழுக்கியது. இறுகிவிட்டது.

இந்த நிலையில் கத்தி கீழே விழுந்தாலே உடையலாம். அன்று இரவே பக்குவம் பண்ணவேண்டும், அதாவது குறைந்த சூட்டில் வைத்து அந்த உடையும் தன்மையைக் குறைக்கவேண்டும். சவர்க்காரம் போட்டு எண்ணெய் போகக் கழுவி, கேக் போடுகிற மின்சார ஓவனில், தட்டில் மணல் பரப்பி அதற்குள் அலகைப் புதைத்து 200 பாகையில் இரண்டு மணித்தியாலம். ஆறவிட்டு மறுபடியும் இரண்டு மணித்தியாலம். ஓவனின் திருகு காட்டுகிற எண்ணை நம்பவேண்டாம்; தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மணல் எதற்கென்றால், ஓவனின் கம்பி சிவந்து அணைகிறபோதெல்லாம் மெல்லிய அலகும் சேர்ந்து ஏறி இறங்காமல் இருக்கத்தான். வெளியே எடுத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் இளம் வைக்கோல் நிறம் வந்திருந்தது. நீலம் வந்திருந்தால் 300 பாகை தொட்டு இளகிவிட்டது என்று அர்த்தம்.

அதன்பிறகு இயந்திரம் தொடவில்லை. 0.6 மி.மீ. வாயை 0.3க்கு இறக்கியது முழுக்கத் தண்ணீர் விட்டுக் கல்லிலும், மரக்கட்டையில் சுற்றிய சாண்ட் பேப்பரிலும்தான். 120, 240, 400 என்று ஏறுவது. முந்தின தாளின் கீறல் முழுக்கப் போகாமல் அடுத்ததுக்குப் போனால் கடைசியில் அந்தக் கீறல்தான் கண்ணில் குத்தும். இதில் எழுத ஒன்றும் இல்லை. வானொலியைப் போட்டுவிட்டுத் தேய்க்கவேண்டியதுதான்.

பிடிக்குத் தச்சுப் பட்டறையில் கிடந்த முதிரைத் துண்டு. இறுக்கமான மரம், தண்ணீர் குடிக்காது, தேய்த்தால் மஞ்சளாக மினுங்கும். ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் தடிப்பையும் கொடுக்கும், மூக்குக்கும் ஆகாது. முகக்கவசமும் நீளக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆணிக்கு, குளிர்சாதனப்பெட்டி திருத்துகிறவர்கள் ஒட்டப் பாவிக்கிற பித்தளைக் கம்பி. இரு பக்கப் பலகையையும் அரால்டைட் போட்டு ஒட்டினேன். கிளாம்பை முழுப் பலத்தோடு இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியே வந்துவிடும், உள்ளே பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. பலகையின் முன்முகப்பை ஒட்டுவதற்கு முன்பே தேய்த்து முடிக்கவேண்டும். பிறகு அலகைக் கீறாமல் அந்த இடத்தைத் தொட ஏலாது. லின்சீட் எண்ணெய் பூசிக் காயவிட்டேன். தேங்காய் எண்ணெய் காயாது, சிக்குவாடை வரும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவேண்டாம், தானாகப் பற்றும்; விரித்துக் காயப்போடுங்கள்.

தீட்டியது ஒரு பக்கம் 15 பாகையில். மிஞ்சிய பித்தளைக் கம்பியை வைஸில் படுக்கவைத்து, வாயை அதன்மேல் சாய்வாக அழுத்தி இழுத்துப் பார்த்தேன். வாய் கம்பியின் மேல் சற்று வளைந்து போய், தாண்டியதும் நேராகிவிட்டது. வளைந்தபடியே நின்றால் இளக்கம் கூடிவிட்டது, துணுக்குத் துணுக்காகப் பொரிந்தால் இறுக்கம் கூடிவிட்டது. இறுக்கம் அளக்கிற மெசின் இல்லாத வீட்டில் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

மாமி முதலில் வெட்டியது ஒரு கொடுவா. கத்தியை முள்ளோடு படுக்கவைத்து இழுத்தார், சதை ஒரே இழுவையில் கழன்று வந்தது. "தோல் நசியல்ல" என்றார், அவ்வளவுதான். தலையைப் பிளக்க மட்டும் பழைய தடித்த கத்தியையே எடுக்கச் சொல்லியிருக்கிறேன், 0.3 மி.மீ. வாய் எலும்பில் கொத்துவதற்கில்லை. ஸ்டெயின்லெஸ் இல்லாத கத்தி என்பதால் கடல் காற்றில் ஒரு இரவு ஈரத்தோடு கிடந்தாலே செம்மஞ்சளாகப் பூக்கும். கழுவி உடனே துடைத்துத் தேங்காய் எண்ணெய் ஒரு துளி தடவி வைத்தால் போதும். புளியும் மீனும் பட்டுப் பட்டு அலகு இப்போது நீலமும் சாம்பலுமாகக் கறுத்துவிட்டது. அந்தக் கறுப்பு நல்லது, துருவைத் தாமதப்படுத்தும். பளபளப்பாக்குகிறேன் என்று யாரும் அதைச் சாம்பல் போட்டுத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அதே தகட்டில் வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிற மச்சானுக்கும் ஒன்று செய்தேன். 120 மி.மீ. அலகு, வாய் 0.5 மி.மீ., ஓவனில் 220 பாகை. கயிறு, உரப்பை, வரம்போரத்துச் செடி என்று எல்லாம் வெட்டியிருக்கிறார். ஒரு நாள் கொண்டுவந்து காட்டினார்: வாயில் ஓரிடம் சுருண்டிருந்தது, முட்கம்பியில் பட்டதாம். "இன்னும் கொஞ்சம் மொத்தமா உட்டிருக்கலாம் மச்சான்" என்றார். சுருண்டதே ஒழியப் பொரியவில்லை, அதனால் உருக்கில் குறையில்லை. தடிப்பைக் கூட்ட நான் உடன்படவில்லை. சுருண்ட இடம் போகும்வரை கல்லில் தேய்த்துவிட்டு, கடைசி நாலைந்து இழுவையை மட்டும் 25 பாகைக்கு நிமிர்த்திக் கொடுத்தேன். நுனி விளிம்பு மட்டும் பலமாகும், உடம்பு மெல்லிசாகவே இருக்கும். கிளிசரியாக் கம்பு வெட்டிக்கூடப் பார்த்தாராம், பிறகு சுருளவில்லை.

மில்காரருக்குக் கொடுக்கவேண்டியது பாக்கி. அவர் வீட்டில் சூரைதான் அதிகம் வாங்குவார்களாம். அதற்கு அலகை 200 மி.மீ.க்கு நீட்டி, நுனிப்பக்கம் முதுகையும் 1.5 மி.மீ. வரை மெலிப்பதாக அட்டையில் வரைந்து வைத்திருக்கிறேன். தகட்டில் வெடிப்பில்லாத பக்கம் அதற்கு இன்னும் இடம் இருக்கிறது.